மூன்றாவது வட்டத்தின் வாசனை

சுங்கை மெங்குவாங் தோட்டம்,
ஈஜோக்.
5.2.1984

எங்கள் வீட்டின் ஒரே நாத்தனாரும் சுங்கை சோ மகாராணியுமான சந்திரிகாவுக்கு அண்ணி அம்சவள்ளி எழுதுவது.

இங்கே நானும் நான்கு கோழியும் சுகம். சேவல் மட்டும் உன்னைப் போலவே இரண்டு வாரமாக என்னிடம் முகம் கொடுப்பதில்லை. அதன் வாலில் ஓர் இறகைப் பிடுங்கிவிட்டேன், காது குடைய. அதற்குக் கோபிக்கக் காரணம் இருக்கிறது. உன்னிடம் நான் எதைப் பிடுங்கினேன் என்றுதான் தெரியவில்லை.

பெண் பார்த்துவிட்டு அவர்கள் செகிஞ்சானுக்குக் கார் ஏறியதும் நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய். உனக்காக எடுத்து வைத்த முறுக்கு இன்னும் டின்னில் இருக்கிறது. தினம் இரண்டு தின்கிறேன். சீக்கிரம் பதில் போடாவிட்டால் டின்னைத்தான் பார்ப்பாய்.

மாப்பிள்ளை சேது நல்ல பையனாகத் தெரிந்தார். பையன் என்கிறேன், நாற்பது வயதாம். நெல் லோரி ஓட்டுகிற கைக்கு அவர் டீக் கோப்பையைப் பிடித்த விதம் மெதுவாக இருந்தது. அவர் அம்மா நல்லம்மாள்தான் சீக்கிரம் எழுந்துவிட்டார். வயதானவர், நாற்காலி ஆடியிருக்கும். அந்த நாற்காலியை உன் அண்ணன் இருந்தபோதே ஆணி அடிக்கச் சொன்னேன்.

அலங்காரத்தில் குறை இருந்ததா? இருக்க முடியாதே. இருபது வருஷமாக இந்தத் தோட்டத்துக் கல்யாணப் பெண்களுக்கு வாசனை பூசுகிறவள் நான். ஒருத்தியின் வாசனை இன்னொருத்திக்கு வந்ததில்லை. காளியம்மாவின் மூத்த மகளுக்கு மரிக்கொழுந்து, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வீட்டுப் பெண்ணுக்கு ரோஜாவும் ஏலக்காயும். பெண்ணைப் பார்த்துத்தான் பூச்சு. உனக்கு முதலில் உரைத்த சந்தனம், காதுக்குப் பின்னாலும் முழங்கை மடிப்பிலும். அது காய்ந்ததும் ஜவ்வாது. அதன் மேல் கோல சிலாங்கூர் பாய் கடையின் மல்லிகை அத்தர். கடைசியாகத் தலைக்குச் சாம்பிராணிப் புகை. கனமானது அடியில், லேசானது மேலே. ஒன்று காய்வதற்குள் அடுத்ததைப் போட்டால் இரண்டும் சண்டை பிடிக்கும். அதற்காகத்தானே உன்னை விசிறிக்கொண்டே இருந்தேன்? எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

என்ன கோபம் என்று எழுது. மூணாம் வகுப்போடு நின்றவள் இவ்வளவு எழுதியிருக்கிறேன். ஆறாம் வகுப்பு படித்த நீ இதில் பாதியாவது எழுதலாம் லா.

அண்ணி,
அம்சவள்ளி

*

சுங்கை சோ
12.2.1984

அண்ணிக்கு,

நலம். கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

நல்லம்மாள் அம்மா எழுந்தது நாற்காலி ஆடியதால் இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே பலகாரம் நீட்டினீர்கள். சேது ஏழு முறை தும்மினார். தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எண்ணுவதைத் தவிர வேறு என்ன வேலை? எனக்கே மூச்சு முட்டியது. அத்தர் கழுத்தில் வழிந்து ரவிக்கைக்குள் இறங்கியது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த சீனக் கிழவி எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். அந்த ரவிக்கையை மூன்று தடவை துவைத்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை சேது ஃபேக்டரிக்குப் போன் செய்தார். சூப்பர்வைசர் என்னைத் தையல் மெஷினிலிருந்து எழுப்பி ஆபீசுக்கு அனுப்பினார். சேது நல்லவிதமாகத்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா சொல்றாங்க, இவ்ளோ வாசனையப் பூசி மறைக்கணும்னா பொண்ணு ஒடம்புல என்னமோ சீக்கு இருக்கும்னு. நான் அப்படி நெனக்கல. ஆனா அவங்கள்ட்ட நான் என்னா சொல்றது?" என்றார். ஆபீசில் நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்று, என் உடம்பில் ஒரு நோயும் இல்லை என்று போனில் சொன்னேன்.

எனக்கு முப்பத்து நான்கு வயது அண்ணி. இதற்கு முன்னால் வந்து போன மூன்று இடங்களும் உங்களுக்குத் தெரியும். இது நான்காவது. இது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

காளியம்மாவின் மூத்த மகள் கல்யாணத்தில் நீங்கள் பூசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் நடந்து போன பிறகுதான் வாசனை வந்தது. அப்படிப் பூசத் தெரிந்த கை எனக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அண்ணன் போன பிறகு அவரைப் பற்றிப் பேச உங்களுக்கு நான் ஒருத்திதான். நான் செகிஞ்சானுக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. இப்படி நினைக்கக் கூடாதுதான். ஆனால் நினைத்துவிட்டேன். வேண்டுமென்றே செய்தீர்களா?

சந்திரிகா

*

சுங்கை மெங்குவாங் தோட்டம்
19.2.1984

சந்திரிக்கு,

ஏழு தும்மலா? நான் ஐந்துதான் எண்ணினேன். லோரிக்காரருக்கு உமித் தூசியில் வந்த தும்மலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நான்கு தடவை படித்தேன். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். நான்கு தடவை என்றால் ஒரு மத்தியானம் போய்விட்டது. உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

வேண்டுமென்றே செய்யவில்லை. உன் அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன். கை நீண்டுவிட்டது, அவ்வளவுதான். வயதாகிறது, கையும் பேச்சைக் கேட்பதில்லை. ஆபீசில் நான்கு பேருக்கு முன்னால் நீ நின்றதை நினைத்தால் எனக்கு இங்கே உட்கார முடியவில்லை.

நீ போனால் எனக்குப் பேச ஆள் இல்லை என்பது நிஜம். அதற்காக உன்னை ஊறுகாய் போட்டு வைப்பேனா? நீ போகிற அன்றைக்கு அழுவேன், பிறகு செகிஞ்சானுக்கு வந்து உன் வீட்டு மீனைத் தின்பேன். அதுதான் என் திட்டம்.

அவர்களை இன்னொரு தடவை வரச் சொல். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். முட்டி வலிக்கும், தூக்கிவிட நீ பக்கத்தில் நில்.

முறுக்கு தீர்ந்துவிட்டது.

அம்சவள்ளி

*

சுங்கை சோ
4.3.1984

அண்ணிக்கு,

சேது அவர் அம்மாவிடம் பேசியிருக்கிறார். ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் வருகிறார்கள். அதே வீட்டுக்கு. இது கடைசி என்று அவர் அம்மா சொல்லிவிட்டாராம்.

இந்தத் தடவை நானே பூசிக்கொள்கிறேன். ஒன்றும் பூசாமல் போனால், போன தடவை எதையோ மறைத்தோம் என்றுதான் ஆகும். அளவாகப் பூசினால் போன தடவை தவறு என்று புரியும். ஆனால் எனக்கு வரவில்லை. ரவாங்கில் ஒரு சென்ட் வாங்கினேன். அதன் மேல் ஜவ்வாது வைத்தேன். அறையில் கூட இருக்கிற பெண்கள் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். இரண்டாவது தடவை வைத்தபோது ஒருத்தி, "சந்திரி, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

அதனால் கேட்கிறேன். உங்கள் மேல் கோபம் போகவில்லை. ஆனாலும் இதில் உங்களை விட்டால் எனக்கு வேறு யாரையும் தெரியாது.

இந்தத் தாளின் அடியில் பென்சிலால் நான்கு வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தொட்டு வைத்திருக்கிறேன். பெயர் எழுதவில்லை, எண் மட்டும்தான். முகர்ந்து பார்த்துவிட்டு, எது அடியில், எது மேலே, எது வேண்டாம் என்று எழுதுங்கள். காய்ந்தாலும் வாசனை போகாத மாதிரி நன்றாகவே தொட்டிருக்கிறேன்.

சந்திரிகா

*

சுங்கை மெங்குவாங் தோட்டம்
10.3.1984

என் சிஷ்யை சந்திரிக்கு வாசனை மகாராணி எழுதும் உத்தரவு.

தபால்காரர் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். அவ்வளவு வாசனை போலிருக்கிறது. ஊரே உன் காதல் கடிதம் என்று நினைத்திருக்கும். நினைக்கட்டும், உனக்கும் ஒரு பெயர் வேண்டாமா?

நான்கையும் நன்றாக முகர்ந்து பார்த்தேன். இப்போது கேள்.

ஒன்றாவது, கனமான சரக்கு. எண்ணெய்ப் பதம். அதை அடியில் வை. மணிக்கட்டில் வைத்துத் தேய்க்காதே, தேய்த்தால் செத்துவிடும். இரண்டாவது லேசு, அது மேலே, கடைசியாக. நான்காவது ஜவ்வாதுதானே? பொடி ஒட்டியிருக்கிறது. அதைக் கொஞ்சம், நகக் கண்ணளவு.

மூன்றாவதுதான் பிரமாதம். எங்கே வாங்கினாய்? கடைக்காரன் உன்னைப் பார்த்து மயங்கி நல்ல சரக்காகக் கொடுத்துவிட்டான். நல்ல பழுப்பு நிறம், பழைய சந்தன எண்ணெய் மாதிரி. அதைக் கழுத்தில் வை, இரண்டு பக்கமும். அம்மா பக்கத்தில் வந்ததும் உன்னைக் கட்டிக்கொள்வார். சேதுவைச் சொல்லவே வேண்டாம்.

பதினைந்தாம் தேதிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேலை ஏவுகிற மண்டோரிடம் சுண்ணாம்பு கேட்டிருக்கிறேன். நாற்காலிக்கு நானே ஆணி அடித்துவிட்டேன். கட்டை விரலும் கொஞ்சம் அடிபட்டது.

அம்சவள்ளி

*

சுங்கை சோ
14.3.1984

அண்ணி,

மூன்றாவது வட்டம் பெலாச்சான். சம்பாலுக்கு மிளகாயோடு இடிக்கிற அந்த நாற்ற இறால் கட்டியை வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டித் தொட்டு வைத்தேன். தபால்காரர் இரண்டு விரலால் பிடித்தது அதனால்தான்.

கோபத்தில்தான் வைத்தேன். என் மேல் உங்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தால் அதையும் பூசிக்கொள்ளச் சொல்வீர்கள், இல்லாவிட்டால் திட்டி எழுதுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கழுத்தில் இரண்டு பக்கமும் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் தாளைக் கசக்கி எறிந்தேன்.

பிறகு எடுத்து நீவிப் பார்த்தேன். கெட்ட எண்ணம் இருக்கிறவர் நாற்காலிக்கு ஆணி அடித்து விரலை அடித்துக்கொள்ள மாட்டார்.

பொங்கலுக்கு நான் வந்திருந்தேனே. பின்னால் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பொங்கல் அடிபிடித்த நாற்றம் அங்கே வரைக்கும் வந்தது. ஓடி வந்தால் நீங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் பானையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருந்தீர்கள். "என்னாடி மூச்சு வாங்க ஓடி வர்ற, மாப்பிள்ள வந்துட்டாரா?" என்று கேட்டீர்கள். கேலி செய்கிறீர்கள் என்று நானும் சிரித்தேன்.

கெட்டுப்போன மீன் குழம்பை என் இலையில் ஊற்றியதும் ஞாபகம் வந்தது. போன வருஷம்.

எவ்வளவு நாளாக?

சந்திரிகா

*

சுங்கை மெங்குவாங் தோட்டம்
25.3.1984

சந்திரிக்கு,

பத்து நாள் எழுதாமல் இருந்துவிட்டேன். பேனாவை எடுப்பேன், கோழிக்குத் தீனி போட வேண்டும் என்று எழுந்துவிடுவேன். கோழிகள் கொழுத்துவிட்டன.

மூன்று வருஷம் ஆகிறது.

தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள், உனக்குத் தெரியும். வெயிலில் கிடந்த டிரம்மின் மூடியை நான் போய்த் திறந்தேன். குனிந்துகொண்டு திறந்தேன், அறிவு கெட்டவள். முகத்தில் யாரோ பலகையால் அடித்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் மூக்கில் இரத்தம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. இரத்தம் மட்டும் இல்லை, எல்லாமே நின்றுவிட்டது. முதலில் ஸ்டோர் நாற்றம் தெரியவில்லை என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் குழம்பு தாளித்தேன், கருவேப்பிலை சத்தம் மட்டும் வந்தது. அதற்கடுத்த நாள் உன் அண்ணன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். யாரோ ஒரு ஆளின் சட்டை மாதிரி இருந்தது. அப்போதுதான் உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் வரும், வராது என்று இரண்டும் சொன்னார்கள். வரவில்லை.

உன் அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவர்தான் வெளியே சொல்லாதே என்றார். "தெரிஞ்சா எவ ஒன்ன கூப்புடுவா? நான் பாத்துக்கிறேன் விடு" என்றார். பெண் அலங்காரம் நடக்கிற அறைக்குள் ஆம்பளை வர முடியாது. அதனால் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுருட்டோடு நிற்பார். நான் பூசுவேன். அவர் ஒரு தடவை இருமினால் இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு தடவை இருமினால் போதும். மூணு பெண்களுக்கு அப்படித்தான் பூசினேன். அதில் ஒருத்திதான் காளியம்மாவின் மூத்த மகள். நீ எழுதினாயே, அவள் நடந்து போன பிறகுதான் வாசனை வந்தது என்று. அது என் கை இல்லை. உன் அண்ணன் முருகையாவின் மூக்கு.

நீ அவர் இருமலுக்கு மூன்று போத்தல் மருந்து வாங்கி அனுப்பினாய். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அலமாரிக்கு மேலே அப்படியே இருக்கிறது, மூடி திறக்காமல்.

அவர் நெஞ்சு வலியில் போய் ஒன்றரை வருஷம். அன்றிலிருந்து நான் யாருக்கும் பூசவில்லை. கை வலி என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். உனக்கு மட்டும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இருபது வருஷப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்று நினைத்தேன். சந்தனம் வைத்தேன், ஜவ்வாது வைத்தேன். அத்தர் ஒரு சொட்டு வைத்தேன். வாசலில் சத்தம் இல்லை. சரி, இன்னும் வேண்டும் போலிருக்கிறது என்று கை பாட்டுக்கு இன்னொரு சொட்டு வைத்தது. அவர் இல்லை என்று எனக்குத் தெரியும் சந்திரி. கைக்குத் தெரியவில்லை.

நாலு வட்டத்தையும் கண்ணால் பார்த்துத்தான் எழுதினேன். எண்ணெய் ஊறியிருந்தால் கனம், சீக்கிரம் காய்ந்திருந்தால் லேசு. மூன்றாவதுக்கு நிறத்தைப் பார்த்துச் சந்தனம் என்று முடிவு கட்டினேன். இனிமேல் பெலாச்சானுக்கு நீ என்னிடம் வராதே, சந்தனக் கடைக்குப் போ.

உன்னிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ என்னைப் பாவம் பார்ப்பாய். நான் உன்னைக் கேலி செய்கிறவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தேன்.

அம்சவள்ளி

*

சுங்கை சோ
1.4.1984

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் ஃபேக்டரி கேன்டீனில் வைத்துப் படித்தேன். அது தப்பு. முகம் கழுவிக்கொண்டு மெஷினுக்குப் போக நேரமாகிவிட்டது.

வேண்டுமென்றே என்று நான் எழுதிய வரியை அடித்துவிடுங்கள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டாலும் சரி.

மருந்து போத்தல்களுக்கு மட்டும் உங்கள் இருவரையும் மன்னிக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் ரவாங்குக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கினேன்.

இப்போது வேலையைப் பேசுவோம். போன ஞாயிறு சேதுவைப் பார்த்தேன். ரவாங் பஸ் நிலையத்துக் கடையில், கூட அறைப் பெண் ஒருத்தியும் இருந்தாள், நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணீர் குடித்தோம். அவர் மேல் உமி வாசம் வந்தது. சட்டை வெள்ளையாக, துவைத்து மடித்த கோடுகூட அப்படியே இருந்தது. ஆனாலும் வந்தது. என் மேல் எப்போதும் புதுத் துணியின் கஞ்சி வாசம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. மல்லிகையும் ஜவ்வாதும் இந்தக் கஞ்சி வாசத்தோடு சண்டை போடுகின்றன. அதை விரட்டாமல், அதன் பக்கத்தில் உட்காருகிற மாதிரி ஒன்று வேண்டும்.

கிள்ளானில் வெட்டிவேர் வாங்கி வந்து ஊற வைத்தேன். அந்தத் தண்ணீர் அடியில். அதன் மேல் சந்தனம், கொஞ்சமாக. அதற்கு மேல் மகிழம்பூ அத்தர். நீங்கள் எழுதியபடி ஒவ்வொன்றும் காயும் வரை விட்டேன். அறைப் பெண்கள் ஜன்னலைத் திறக்கவில்லை. ஒருத்தி பக்கத்தில் வந்து, "என்னா இது? ஒன் வாசம் மாரியே இருக்கு, ஆனா நல்லாருக்கு" என்றாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அத்தர் எனக்குக் கைக்கு அடங்கவில்லை. காதுக்குப் பின்னால் நானே வைத்தால் வழிகிறது. ஒரு நாள் சரியாக வருகிறது, மறுநாள் கெட்டுவிடுகிறது. உங்கள் கைதான் வேண்டும். நீங்கள் பூசுங்கள், நான் முகர்கிறேன். போதும் என்றால் போதும் என்று சொல்லிவிடுவேன். இதில் யார் யாரைப் பாவம் பார்ப்பது?

சனிக்கிழமையே வந்துவிடுகிறேன். மீன் குழம்பு மட்டும் நான் வைக்கிறேன்.

சந்திரிகா

*

சுங்கை மெங்குவாங் தோட்டம்
18.4.1984

நல்லம்மாள் அம்மாவின் வருங்கால மருமகளுக்கு, மூக்கில்லாத அண்ணி எழுதுவது.

நீயும் அங்கேதான் இருந்தாய். உனக்குத் தெரிந்ததையே எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பாய். நீ திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பத்து மணிக்கே வந்தார்கள். நல்லம்மாள் வேண்டுமென்றே செய்தது. எதையும் மறைக்க நேரம் கொடுக்கக் கூடாது என்று. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். உனக்கு அப்போதுதான் சந்தனம் காய்ந்திருந்தது. அவர் முன்னறையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நடுவில் ஒரு சேலைத் திரை. நம் வீட்டில் ஊசி விழுந்தால் பக்கத்து வீட்டுக் காளியம்மாவுக்குக் கேட்கும். உன்னால் "போதும்" என்று வாயைத் திறந்து சொல்ல முடியாது. "போதுமா" என்று நானும் கேட்க முடியாது.

அத்தர் சீசாவைத் திறந்தேன். வலது காதுக்குப் பின்னால் ஒன்று. இடது காதுக்குப் பின்னால் ஒன்று. நீ ஒரு தடவை இருமினாய்.

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்தேன். வாசலில் வெயில் மட்டும் இருந்தது.

மணிக்கட்டில் ஒரு தொடல் வைத்தேன். நீ அடுத்தடுத்து இரண்டு தடவை இருமினாய். குரல் உன்னுடையது. இருமல் அவருடையது சந்திரி. கடைசியில் தொண்டையைச் செருமி முடிப்பாரே, அதுகூட. இதை எங்கே கற்றுக்கொண்டாய்? உன் அப்பாவும் இப்படித்தான் இருமுவாரா? என் கை சீசாவை மூடிக் கீழே வைத்துவிட்டது. நான் சொல்லாமலே வைத்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எப்படி வைக்குமோ அப்படி.

உடனே அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, "பொண்ணுக்கு இருமலா?" என்று. சீக்கு இருக்கும் என்று சந்தேகப்பட்டு வந்தவருக்கு முன்னாலேயே மூன்று தடவை இருமிக் காட்டியிருக்கிறோம், எப்பேர்ப்பட்ட புத்திசாலிகள்! நீ திரைக்குள்ளிருந்தே, "இல்லிங்க அத்தை, அண்ணிக்கு ஒரு சேதி சொன்னேன்" என்றாய். அதைச் சொல்ல உனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் ஒளிந்துகொண்டிருந்தால் நான் என்ன அண்ணி?

அதனால்தான் திரையை விலக்கிக்கொண்டு போனேன். நான் சொன்னதைக் காளியம்மாவும் கேட்டிருப்பாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். "பொண்ணு ஒடம்புல ஒண்ணும் இல்லிங்கம்மா. எனக்குத்தான் மூக்கு செத்துப்போச்சு. மூணு வருசமாச்சு, மறச்சிட்டேன். அன்னைக்கு அளவு தெரியாம கொட்டிட்டேன். குத்தம் எம்மேல. இன்னைக்கி அவ இருமுனா, நான் நிறுத்துனேன்." இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். கன்னம் ஈரமாக இருந்ததாக சேது பிறகு சொன்னார். லோரிக்காரருக்குக் கண் கூர்மை.

நல்லம்மாள் எழுந்து உள்ளே வந்து உன் கையைப் பிடித்து, அரிசியைக் கையில் அள்ளிப் பழசா புதுசா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்த நேரத்தில் நீ கண்ணைத் திறக்கவே இல்லை. நான் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசனை எனக்கு அவர் முகத்தில்தான் தெரிந்தது. முதலில் புருவம் இறங்கியது. பிறகு தோள். ஒரு தடவை முகர்ந்தால் போதாதா? மூன்று தடவை முகர்ந்தார். "எம்மவன் சட்டையில வர்ற வாசம் மாரி இருக்கு. ஆனா பொம்பள வாசம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னா?" என்று ஒரு அதட்டல். அந்த அதட்டலில்தான் சம்மதம் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாதவர்களை யாரும் அப்படி உரிமையாக அதட்ட மாட்டார்கள்.

ஜூன் 3-ஆம் தேதியை உறுதி செய்துவிட்டார்கள். சேது நேற்று லோரியை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்து சொன்னார். ஒரு மூட்டை அரிசியும் இறக்கினார். எனக்கு அவ்வளவு அரிசி எதற்கு என்று கேட்டால், "கோழிக்கு" என்கிறார். பிழைக்கத் தெரிந்தவர், வைத்துக்கொள்.

தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலமே காளியம்மா வந்து வாசலில் நின்றாள். அவளுடைய சின்ன மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ரொம்ப நேரம் பாத்திரக் கடன் கேட்கிற மாதிரி இழுத்துவிட்டுப் போய்விட்டாள். கூப்பிடுவாளா என்று தெரியவில்லை. கூப்பிடாவிட்டாலும் அவளைக் குறை சொல்ல முடியாது. நான் வருத்தப்படுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் வருத்தம்தான்.

உன் அண்ணன் சட்டை ஒன்றைத் துவைக்காமல் பெட்டியில் வைத்திருக்கிறேன். இதுவரைக்கும் யாரிடமும் காட்டவில்லை. அடுத்த தடவை நீ வரும்போது எடுத்துத் தருகிறேன். முகர்ந்து பார்த்து, இன்னும் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல். இல்லாவிட்டால் இல்லை என்றே சொல், பொய் சொல்லாதே. பொய் சொல்கிற வேலையை நம் வீட்டில் நான் ஒருத்தி செய்தது போதும்.

கல்யாணத்தன்றைக்குப் பூசுவதற்கு இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன். நீ விட்டுவிட்டுப் போன வெட்டிவேர்த் தண்ணீர், சந்தனம், மகிழம்பூ, எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் காய விட்டு, இந்தத் தாளின் அடியில் ஒரு வட்டத்தில் வைத்திருக்கிறேன். பெலாச்சான் இல்லை, பயப்படாதே. அளவு சரியா என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் கூடிவிட்டால் அங்கிருந்தே இரண்டு தடவை இருமு.

உன் அண்ணி,
அம்சவள்ளி